அனுப்பியதும் சேர்ந்ததும்: கைத்தொலைபேசிச் செயலியின் அழைப்புகளைப் பின்தொடர்தல்

(பழைய மாணவர் ஒருவர், பலாங்கொடை)

பலாங்கொடைப் பட்டணத்திலிருந்து பொகவந்தலாவைக்கு ஏறும் பாதையிற் சில கட்டை தூரம் சென்றதும் கைத்தொலைபேசியின் அலை வருவதும் போவதுமாக இருக்கும். ஒரு வளைவில் நான்கு கோடு தெரியும். அடுத்த வளைவில் ஒன்றும் இராது. 2020 மார்ச்சில் நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டுப் பாடங்கள் கைத்தொலைபேசி வழியாக நடைபெற்ற காலத்தில், தோட்டத்துப் பிள்ளைகள் அலையைத் தேடிப் பாறைகளிலும் மேடுகளிலும் ஏறி அமர்ந்திருந்ததை இம்மலரை வாசிக்கும் ஆசிரியர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அத்தகைய மலைத்தோட்டம் ஒன்றில் ஆறு கிலோ கொழுந்து காணாமற்போன கதையையும், அதனைத் தேடிப்போன வழியையும் இங்கே கூற விரும்புகின்றேன். தேடிய வழிக்கு முறைமை அழைப்புகளைப் பின்தொடர்தல் என்று பெயர். பெயர் அச்சந் தருவதாயினும் பொருள் எளியதே.

நான் எமது கல்லூரியின் விடுதியிலே தங்கிப் படித்து, பின்னர் வேறிடங்களிற் பௌதிகவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன்; கணினித் துறையினன் அல்லேன். என் மருமகன், அதாவது தமக்கையின் மகன், அத்துறையினன். அவனும் எமது கல்லூரியின் பழைய மாணவனே. ஆயினும் அவன் படித்த காலத்தில் நாங்கள் விளையாடிய மாமரத்தடி இருக்கவில்லை என்கின்றான். அவன் தோட்டமொன்றுக்காக ஒரு செயலி செய்து கொடுத்தான். மடுவத்திலே கொழுந்து நிறுக்கப்படும்போது கணக்கப்பிள்ளை தொழிலாளியின் இலக்கத்தையும் நிறையையும் கைத்தொலைபேசியிற் பதிவார். அது இணையவழியே தொலைவிலுள்ள சேவையகத்தை அடைந்து, மாலையிலே கந்தோரிற் செக்றோலாக வெளிவரும். காலை, பகல், மாலை என நாளொன்றுக்கு மூன்று நிறுவை.

மலைநாட்டு வழக்கை அறியாதார்க்கு ஒன்று சொல்லவேண்டும். அங்கே ஒருநாட் சம்பளத்தைப் 'பேர்' என்பர். குறித்த அளவு கொழுந்து எடுத்தவர்க்கு முழுப்பேர், குறைந்தவர்க்கு அரைப்பேர். 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபாவென வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டபின், ஒரு பேருக்கு எத்தனை கிலோ என்பதே பல தோட்டங்களிற் பெரும் வழக்காயிற்று. ஆகவே கொழுந்துக் கணக்கிற் போகும் ஒரு கிலோவும் சிறு விடயமன்று.

செயலி நடைமுறைக்கு வந்து ஒரு மாதமளவில் தொழிலாளிப் பெண் ஒருவர் கந்தோருக்கு வந்தார். ஏழாம் வகுப்பிற் படிக்கும் தம் மகளைக்கொண்டு ஒரு கொப்பியிலே நாள்தோறும் தம் நிறுவையை எழுதுவித்து வைத்திருந்தார். குறித்த நாளில் 7, 5, 6 என மூன்று நிறுவை. கூட்டினால் 18 கிலோ. அத்தோட்டத்தில் முழுப்பேருக்கு வேண்டியதும் அதுவே. கந்தோர்க் கணக்கில் 12 கிலோவே இருந்தது, அரைப்பேர் விழுந்திருந்தது. "எடுத்த கொழுந்து ஆறு கிலோ எங்கங்க போச்சு?" என்பதே அவர் கேட்ட கேள்வி. கணக்கப்பிள்ளையின் தொலைபேசியைத் திறந்து பார்த்தனர். அங்கே அந்த ஆறு கிலோவுக்கு நேரே பச்சை அடையாளத்துடன் 'அனுப்பப்பட்டது' என்றிருந்தது. சேவையகத்திலோ அது வந்ததற்கான சுவடே இல்லை.

மருமகன் கொழும்பிலிருந்து, "மாமா, இங்கே ஆயிரம் முறை அனுப்பிப் பார்த்துவிட்டேன். ஒன்றுகூடத் தவறவில்லை" என்றான். அது உண்மையே. தோட்டத்திலும் எல்லா நாளும் தவறவில்லை; சில நாள்களில், சில நிறுவைகளே தவறின. எப்போதும் நிகழும் பிழையைக் கண்டுபிடிப்பது எளிது. இத்தகையதே ஆளை அலைக்கழிக்கும்.

செயலி தன்னைப்பற்றி எழுதிவைக்கும் குறிப்பேடு ஒன்றுண்டு. அதை முதலிற் பார்த்தான். அதிலும் 'அனுப்பப்பட்டது' என்றே இருந்தது. சாட்சி சொல்பவனும் வழக்கிற் சிக்கியவனும் ஒருவனேயாயின் அச்சாட்சியத்தால் யாது பயன்? செயலி என்ன நினைத்தது என்பதை விடுத்து, அது உண்மையில் என்ன செய்தது என்பதைப் பக்கத்தில் நின்று பார்க்கவேண்டியதாயிற்று.

இங்கே சிறிது விளக்கம் வேண்டும். கைத்தொலைபேசியில் ஓடும் எந்தச் செயலியும் வானொலி அலையைத் தானே தொடமுடியாது. தொலைபேசியின் நினைவகம், திரை, அலைவாங்கி ஆகிய யாவும் கருனி எனப்படும் அடிப்படை மென்பொருளின் காவலில் உள்ளன. 2008 இல் விற்பனைக்கு வந்த முதல் அன்ட்ரொயிட் தொலைபேசி தொட்டு இன்றுவரை அவ்வகைத் தொலைபேசிகளிற் கருனியாய் இருப்பது லினக்ஸ். பின்லாந்தின் லினஸ் டோர்வால்ட்ஸ் மாணவராயிருந்தபோது 1991 இல் வெளியிட்டது. செயலிக்கு வெளியுலகத்தோடு ஏதேனும் பேசவேண்டுமாயின் கருனியிடம் விண்ணப்பம் போடவேண்டும். தபாற்கந்தோரிலே யன்னலுக்கு இப்பால் நாமும் அப்பால் எழுதுவினைஞரும் இருப்பது போன்றது இது. நாம் கடிதத்தை யன்னலில் நீட்டுகின்றோம். அவர் வாங்கிக்கொண்டு ஒரு விடை சொல்கின்றார். அவ்வாறு யன்னலில் நடக்கும் ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலும் ஒரு முறைமை அழைப்பு.

இணையத்துக்கான அழைப்புகளின் வடிவம் 1983 இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்ளி வளாகத்திலிருந்து வெளிவந்த யுனிக்ஸ் பதிப்பில் அமைந்தது. நாற்பது ஆண்டு கடந்தும் பெரிதும் மாறாமல், மலையிலே கொழுந்து நிறுக்கும் தொலைபேசிவரை வந்து சேர்ந்திருக்கின்றது. சொக்கெற், கனெக்ற், சென்ட், றிசீவ், குளோஸ் என வழங்கும் அவ்வழைப்புகளை இக்கட்டுரையில் திற, இணை, அனுப்பு, பெறு, மூடு எனத் தமிழிலேயே கூறுவேன். ஒவ்வொன்றுக்கும் கருனி ஓர் எண்ணை விடையாகக் கொடுக்கும். நிறைவேறாவிடின் விடை -1. அதனோடு காரணத்தைக் குறிக்கும் இன்னோர் எண்ணும் கிடைக்கும்.

இந்த யன்னலருகே நின்று போவதையும் வருவதையும் எழுதிவைக்கும் கருவிக்கு எஸ்-ட்றேஸ் என்று பெயர். போல் கிரானன்பேர்க் என்பவர் 1991 இல் சன் நிறுவனத்தின் கணினிகளுக்காக எழுதியது. பின்னர் லினக்ஸுக்குக் கொணரப்பட்டது. செயலியின் மூல நிரல் அதற்கு வேண்டியதில்லை. கருனி தரும் ஒரு வசதியைக்கொண்டு, செயலி அழைப்புப் போடும்போது ஒரு முறையும், விடை வரும்போது ஒரு முறையும் அதை நிறுத்தி, என்ன கேட்டது, என்ன கிடைத்தது என்பதைக் குறித்துக்கொள்ளும். செயலிக்கோ தான் நிறுத்தப்பட்டதே தெரியாது.

கடையில் வாங்கிய தொலைபேசியில் நினைத்தபடி இதைச் செய்ய இயலாது. ஒரு செயலி இன்னொன்றை எட்டிப்பார்ப்பதை அன்ட்ரொயிட் தடுத்துவைத்திருக்கின்றது, அது நன்மைக்கே. செயலி செய்வோர்க்கென அமைக்கப்பட்ட பதிப்பை ஏற்றிய தொலைபேசி ஒன்றை மருமகன் கொண்டுவந்தான். தொலைபேசியை ஒரு வடத்தாற் கணினியோடு பிணைத்து, கருவியைச் செயலியின்மேல் ஏவினான். அப்போது அவன் கவனித்த மூன்று சங்கதிகளை மாணவர்க்காகச் சொல்கின்றேன். இக்காலச் செயலி ஒற்றை இழையாக ஓடுவதில்லை. திரையைக் கவனிப்பது ஓர் இழை, இணையத்தைக் கவனிப்பது வேறோர் இழை. ஆகவே எல்லா இழைகளையும் பின்தொடருமாறு கட்டளையிடவேண்டும். இல்லையேல் எதுவும் நடவாததுபோற் தோன்றும். அடுத்து, வலையமைப்பு அழைப்புகளை மட்டும் காட்டு என்றால், கோப்புகளுக்கும் இணைப்புகளுக்கும் பொதுவான எழுது, படி, மூடு என்னும் அழைப்புகள் அவ்வகுப்பிற் சேராமல் விடுபடும். அவற்றையும் பெயர் சொல்லிக் கேட்கவேண்டும். மூன்றாவது நேரம். ஒவ்வோர் அழைப்பும் எப்போது தொடங்கிற்று, எவ்வளவு நேரம் எடுத்தது என்பவற்றையும் பதியச் செய்தான். எங்கள் வழக்கு அந்த மூன்றாவதினாலேயே தீர்ந்தது.

கணினியையும் தொலைபேசியையும் ஒரு கொழுந்துக் கூடையிலே வைத்துக்கொண்டு மூன்று நாள் அந்த மடுவத்தில் உட்கார்ந்திருந்தோம். மடுவம் இருந்த இடம் மலைச்சரிவின் மறைவு. நிறுவை முடிந்ததும் கணக்கப்பிள்ளை வளைவைச் சுற்றி அடுத்த மலைக்கு நடப்பார். நாங்களும் கூடையுடன் பின்னே நடந்தோம். பார்த்தோர் சிரித்தனர்.

பதிவேட்டை முதன்முதல் வாசிப்பவன் இரண்டிடங்களில் மயங்குவான், நானும் மயங்கினேன். சேவையகத்தின் பெயரைக்கொண்டு அதன் முகவரியைத் தேடும் வேலை பதிவேட்டில் இணையவழித் தேடலாகத் தெரியாது. அன்ட்ரொயிட்டிலே செயலி தானே வெளியிற் சென்று கேட்பதில்லை; அதே தொலைபேசிக்குள் இருக்கும் நெற்-டீ என்னும் பணியாளிடம் கேட்கும். ஆகவே உள்ளூர் இணைப்பு ஒன்றே கண்ணிற்படும். மற்றது, 'இணை' என்னும் அழைப்புக்கு -1 என்றும், காரணம் 115 என்றும் விடை வந்திருந்தது. தோல்வி என எண்ணிக் குதித்தேன். மருமகன், "அது தோல்வி இல்லை மாமா, 'வேலை நடக்கிறது, பிறகு வந்து கேள்' என்று பொருள்" என்றான். காத்திராமல் இணையும் செயலிகளிலே அது வழமையான விடை.

இரண்டாம் நாள் பிற்பகல் நாங்கள் தேடியது அகப்பட்டது. தேவையற்றவற்றை நீக்கி அதன் சாரத்தை இங்கே தருகின்றேன். அடைப்புக்குள் இருப்பது எடுத்த நேரம், செக்கனில்.

திற: விடை 87
இணை: விடை -1, காரணம் 115, பின்னர் இணைந்தது (1.4)
மறைகுறி உடன்படிக்கைக்காக அனுப்பு, பெறு (0.6)
அனுப்பு, 412 பைற்: விடை 412 (0.00009)
மூடு: விடை 0

எல்லா விடையும் வெற்றியே. பிழை எண் ஒன்றும் இல்லை. மருமகன் ஏமாற்றத்துடன் மூடப்போனான். நான்காம் வரியிலுள்ள எண்ணே என்னைப் பிடித்து நிறுத்திற்று. 0.00009 செக்கன். அந்நேரத்தில் ஒளிகூட 27 கிலோமீற்றரே செல்லும். கொழும்பு தெருவழியே ஏறக்குறைய 140 கிலோமீற்றர். சேவையகமோ கடலுக்கப்பால் உள்ளது. அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது என்று இவ்வளவு விரைவில் எவர் சொல்லமுடியும்?

எவரும் சொல்லவில்லை என்பதே விடை. 'அனுப்பு' என்னும் அழைப்புக்குக் கருனி 412 என்று பதில் சொன்னால், '412 பைற்றை உன் கையிலிருந்து வாங்கி என் பெட்டியில் இட்டுக்கொண்டேன்' என்பதே பொருள். தபாற்பெட்டியிற் கடிதத்தைப் போட்ட சத்தம் அது. கடிதம் உரியவர் கையிற் சேர்ந்ததென்று அறியவேண்டுமாயின், பதிவுத் தபாலிலே அவர் ஒப்பமிட்ட அட்டை திரும்பி வரவேண்டும். மருமகனின் செயலியோ தபாற்பெட்டியின் சத்தத்தைக் கேட்டதும் பச்சை அடையாளம் இட்டது; பதிலைப் 'பெறு' என்று ஒருமுறையும் கேளாமல் யன்னலை மூடிவிட்டு நடந்தது. கொழும்பிலே தபாற்பெட்டியில் விழுந்த ஒவ்வொரு கடிதமும் போய்ச் சேர்ந்தமையால், அங்கே ஆயிரம் முறை சோதித்தும் குறை தெரியவில்லை.

செயலி மூடிய பின்னரும் கருனி தன் கடமையைக் கைவிடுவதில்லை. பெட்டியிலுள்ளதை அனுப்பிப் பார்க்கும். மறுமொழி வராவிடின் மீண்டும் அனுப்பும். ஒவ்வொரு முறையும் இடைவெளியை நீட்டிக்கொண்டு போகும். இடையிலே கணக்கப்பிள்ளை வளைவைத் திரும்பிவிட்டால் அலை இல்லை. இணைப்பு திறந்திருக்குமாயின் லினக்ஸ் வழமையாய்ப் பதினைந்து முறை, ஏறக்குறையக் கால்மணித்தியாலம் முயன்று, ஈற்றில் 110 என்னும் காரணத்தைச் செயலிக்குத் தெரிவிக்கும். செயலி மூடிவிட்டுப் போன இணைப்புக்கு அத்தனை பொறுமை காட்டாது. அதைவிடக் குறைந்த முறை முயன்று விட்டுவிடும். விட்டுவிட்டதைச் சொல்வதற்கும் ஆள் இல்லை. அந்த ஆறு கிலோ அவ்விதமே போயிற்று.

பரிகாரம் தெரிந்துவிட்டது என்று மகிழ்ந்த மருமகன் அன்றிரவே செயலியைத் திருத்தினான். சேவையகம் கணக்கில் எழுதியபின் ஒப்புதல் அனுப்பும். செயலி அதைப் பெற்ற பின்னரே பச்சை அடையாளம் இடும். குறித்த நேரத்தில் ஒப்புதல் வராவிடின் மீண்டும் அனுப்பும். அடுத்த இரண்டு வாரம் ஒரு முறைப்பாடும் வரவில்லை. பின்னர் தொழிற்சாலையிலிருந்து செய்தி வந்தது: மலைக்கணக்கிலுள்ள கொழுந்து தொழிற்சாலைத் தராசில் ஏறும் கொழுந்தினும் அதிகம்! நடந்தது இதுவே. சில வேளைகளிற் கொழுந்துக் கணக்கு சேவையகத்தை அடைந்துவிட்டது; திரும்பி வந்த ஒப்புதலே வழியிற் தவறிற்று. செயலி மறுபடி அனுப்ப, ஆறு கிலோ பன்னிரண்டாயிற்று. குறைந்தபோது கந்தோருக்கு வந்தவர்கள் கூடியபோது வரவில்லை என்று துரை கூறினாராம். அவர்மேற் கோபித்தும் பயனில்லை, நாமாயினும் போயிருக்கமாட்டோம்.

இரண்டாவது திருத்தமே நிலைத்தது. ஒவ்வொரு நிறுவைக்கும் அதற்கே உரிய ஓர் இலக்கம் இடப்பட்டது. தொலைபேசி இலக்கம், நாள், வரிசை எண் மூன்றும் சேர்ந்தது. எத்தனைமுறை மீள அனுப்பினும் இலக்கம் மாறாது. ஏற்கெனவே எழுதிய இலக்கம் மறுபடி வந்தாற் சேவையகம் கணக்கிற் சேர்க்காமல் ஒப்புதலை மட்டும் திருப்பி அனுப்பும். ஒப்புதல் வரும்வரை நிறுவை தொலைபேசியின் உட்கோப்பிலே காத்திருக்கும். ஒரு நாள் முழுதும் அலை இல்லாவிடினும் மாலையில் வீதிக்கு வந்ததும் போய்ச் சேரும். அதே வளைவிற் கூடையுடன் மறுபடி நின்று பார்த்தோம். பதிவேட்டிலே இப்போது தோல்விகள் தெரிந்தன: 'பெறு' என்பதற்குக் காலங்கடந்த விடை, மூடு, மீண்டும் திற, இணை, அனுப்பு, பெறு, அதன்பின் மூடு. முன்னர் எல்லாம் வெற்றியாய்த் தெரிந்து கொழுந்து போயிற்று. இப்போது பதிவேடு தோல்வியால் நிறைந்திருக்க, கொழுந்து போகவில்லை. அப்பெண்ணின் அரைப்பேரும் அம்மாதச் சம்பளத்திலேயே திருத்தப்பட்டது. மகள் கொப்பி எழுதுவதை நிறுத்தவில்லை.

இக்கருவியைக் கையாள விரும்பும் மாணவர் சில காரண எண்களை அறிந்திருத்தல் நன்று. 111 என்றால் அப்புறத்துக் கணினி இருக்கின்றது, ஆயின் அக்கதவில் எவரும் இல்லை. 101 என்றால் புறப்படுவதற்கே வழியில்லை. 104 என்றால் மறுபுறத்தார் இணைப்பை முறித்துவிட்டனர். 110 என்றால் காத்திருந்தும் மறுமொழியில்லை. செயலி இணைய அனுமதியைப் பெறாதிருந்தால் 'திற' என்னும் முதற்படியிலேயே மறுப்பு வரும். காத்திருக்கும் நேரமும் பேசும். இணைப்பு முயற்சிக்கு லினக்ஸ் நெடுங்காலம் 1, 2, 4, 8, 16, 32, 64 செக்கன் என இரட்டித்துக் காத்திருந்து, கூட்டினால் 127 செக்கனிற் கைவிட்டது. அண்மைப் பதிப்புகளில் அது குறைக்கப்பட்டிருக்கின்றது. பழைய தொலைபேசியொன்று சரியாக இரண்டு நிமிடமும் ஏழு செக்கனும் விழித்துக்கொண்டிருந்தால், அலையின் குறையையன்றிச் செயலியின் குறையைத் தேடவேண்டாம்.

குறைபாடுகளும் உள. மறைகுறியாக்கப்பட்ட செய்தியின் உள்ளடக்கத்தை யன்னலில் நின்று வாசிக்கமுடியாது. அளவும் நேரமும் முகவரியுமே தெரியும். எமக்கு அவையே போதுமாயிருந்தன. ஒவ்வோர் அழைப்பிலும் இருமுறை நிறுத்துவதாற் செயலி மந்தமாகும். வேகத்தைப் பொறுத்து எழும் பிழை அதனாலேயே மறைந்துவிடுவதும் உண்டு. 2014 தொட்டு லினக்ஸில் வளர்ந்துவரும் ஈ-பீ-பீ-எப் என்னும் முறையில், நிறுத்தாமலே கருனிக்குள்ளிருந்து எண்ணிக்கொள்ளலாம். ஐபோனில் எஸ்-ட்றேஸுக்கு இடமில்லை. அப்பிள் நிறுவனம் தரும் கருவிகளோடு அமையவேண்டும். எத்தொலைபேசியாயினும், தன் செயலியையும் இசைவு தந்தவரின் தொலைபேசியையுமே இவ்வாறு பார்க்கலாம். பிறர் செயலியை ஒளித்துப் பார்ப்பது பிறர் கடிதத்தைப் பிரிப்பதற்கு ஒப்பு.

கல்லூரி ஆய்வுகூடத்தில் லினக்ஸ் ஏற்றிய கணினி இரண்டு இருந்தால், மலையேறாமலே இதைச் செய்து பார்க்கலாம். இரண்டையும் இடையே ஓர் ஆளியை வைத்து வடங்களாற் பிணைத்து, நெற்கற் என்னும் சிறு கருவியால் ஒன்றிலிருந்து மற்றதற்கு இணைப்பெடுங்கள். அனுப்பும் பக்கத்தில் எஸ்-ட்றேஸை ஏவுங்கள். ஒரு வரி தட்டச்சிட்டு அது அப்புறம் தோன்றுவதைப் பாருங்கள். பின்பு பெறும் கணினியின் வடத்தைப் பிடுங்கிவிட்டு இன்னொரு வரி தட்டச்சிடுங்கள். அப்புறத்தில் ஒன்றும் தோன்றாது. இப்புறத்துப் பதிவேட்டிலோ அழைப்புக்குரிய விடையாக, எழுத்துகளின் எண்ணிக்கை முன்போலவே ஒன்றும் குறையாமல் நிற்கும்.